தீர்மானம் எண் ஏழு

எருக்கம்பட்டு ஊராட்சியின் தீர்மானப் புத்தகங்களில்
என் கையெழுத்துக்குப் பன்னிரண்டு வயது.
குடியரசு தினம், மே தினம்,
சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி,
எந்த நாளில் சபை கூடினாலும்
ஏழாவதாக வந்து உட்கார்ந்துகொள்ளும்
கானாற்றுக்கு ஒரு பாலம்.

ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது என்று எழுதி
அடியில் ஒரு கோடு இழுப்பேன்.
கோட்டுக்குக் கீழே
டீ, சமோசா, ஷாமியானா வாடகை.

ஐப்பசியில் அக்கரைக் காலனிப் பிள்ளைகள்
செருப்பைக் கையில் போட்டுக்கொண்டு வருவார்கள்.
ஒருமுறை நூற்றியெட்டு வண்டி இக்கரையில் நின்று
விளக்கை மட்டும் சுழற்றியது.
நவநீதத்தைக் கட்டிலோடு தூக்கி இறங்கினோம்.
இடுப்பளவுத் தண்ணீரில்
எங்கள் தலைக்கு மேலே குழந்தை அழுதது.
பிறந்த இடம் என்ற கட்டத்தில்
கானாறு என்று போட முடியாதாம்.

பதின்மூன்றாம் வருஷம் பாலம் வந்தது.
மூன்று கண். புதுச் சுண்ணாம்பு.
கல்வெட்டில் பதினோரு பெயர்.
அடியில்
ஆறு மட்டும் இல்லை.

ஒன்றியப் பொறியாளர் ஜீப் முகப்பில் புலப்படத்தை விரித்தார்.
"பதிவேட்டின்படி கானாறு இங்கேதான் ஓடுகிறது."
துளசிராமன் குனிந்து
மூன்று கண்ணிலும் எட்டிப் பார்த்துவிட்டு,
"இன்னா சார், சொல்லிட்டு ஊருக்குப் போயிருக்குதா?" என்றான்.

தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
வேலூருக்கு ஏற்கெனவே ஒரு பட்டியல் உண்டு.
ஆறில்லாத பாலத்தையும்
அதில் சேர்த்துக்கொண்டோம்.
மேலே புளி காய்ந்தது.
கீழே சீட்டாட்டம்.
மே தின சபையை நடுக்கண்ணின் நிழலில் வைத்தோம்,
ஷாமியானா வாடகை மிச்சம்.

அன்றைக்குத்தான் வேண்டா எழுந்தாள்.
நாலாவது பெண் என்று அப்படிப் பெயர் வைத்தார்கள்,
நூறு நாள் வேலைப் பட்டியலில் அவள்தான் முதல்.
"படம் பொய்யின்னு எல்லாரும் சிரிக்கிறீங்க.
ஆறு பொய்யி இல்லன்னு எப்படித் தெரியும்?"

ஜமாபந்தியில் மனு கொடுத்தோம்.
மகபூப் பாஷா என்ற சர்வேயர் வந்தார்.
மோர் வேண்டாமென்றார். பேச்சும் வேண்டாமென்றார்.
வெயிலில் மூன்று நாள் அளந்து
ஒன்பது கல் நட்டார்.
ஏழு கல் விழுந்தது
தலைவரின் சகலை வளர்த்த நேப்பியர் புல்லில்.
அவர் தாத்தா காலத்தில் கரை கட்டி
ஆற்றைக் கிழக்கே தள்ளியிருக்கிறார்கள்.
ஊர் மறந்திருந்தது.
தாலுகா ஆபீசின் கரையான் அரித்த காகிதம் மறக்கவில்லை.

தலைவருக்கும் சகலைக்கும் பேச்சு நின்றது.
மாட்டுப் பொங்கலுக்குக்கூட.

அறுபத்திரண்டு பெண்கள் இறங்கி வெட்டினார்கள்.
காலை ஒன்பதுக்கு ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ
ஏற்றினால்தான் வருகை.
பாலத்தின் மேலே ஏறினால்தான் சிக்னல்.
அந்தப் பாலத்தை முதலில் கடந்தவர்கள்
மண்வெட்டியோடு வரிசையில் நின்ற
அந்த அறுபத்திரண்டு முகங்கள்.
கூலி பதினொரு வாரம் தாமதம்.
நான் ஒன்றிய அலுவலகத்துக்கு நடந்தேன்,
போன் போட்டேன்,
ஒருநாள் அங்கேயே உட்கார்ந்து கத்தினேன்.
வந்தது. ஆறு பேருக்கு இன்னும் வரவில்லை.

ஒரு ராத்திரி ஜவ்வாது மலைப் பக்கம் இடி.
விடியலில் போய்ப் பார்த்தால்
இரண்டு கண்ணில் தண்ணீர்.
மூன்றாவதில் யாரோ விட்டுப்போன சீட்டுக்கட்டு
மிதக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

அடுத்த சபை.
பாலத்துக்கு இருபுறமும் இணைப்புச் சாலை கேட்டு
ஏழாவதாக எழுதினேன்.
பழக்கத்தில் கை, ஒருமனதாக என்று தொடங்க,
வேண்டா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து
"அப்படி எழுதாதண்ணா" என்றாள்.
"சகல கையத் தூக்கல."

அடித்தேன்.
ஆதரவு நூற்று நாற்பது என்று எழுதினேன்.
எதிர்ப்பு ஒன்று.
பெயர் கேட்டேன்.
அவர் எழுந்து, இனிஷியலோடு சொன்னார்.